கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு எத்தனை மணித்தியாலம்?

யாழ்ப்பாணத்தில் விமானச் சீட்டுப் பதிவு செய்யும் சிறிய கடை ஒன்றில் வேலை செய்கிறேன். என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி விலை பற்றியது அல்ல. "பிள்ளை இப்ப வெளிக்கிட்டால் எப்ப வந்து சேரும்?" என்பதுதான். கேட்கிறவர் பெரும்பாலும் செத்தவீட்டிலிருந்து வந்தவராக இருப்பார். வீட்டில் பிரேதம் இருக்கிறது. மூத்த மகன் கனடாவில். ஐயருக்கு நாள் சொல்ல வேண்டும், பந்தல்காரனுக்குச் சொல்ல வேண்டும், பத்திரிகைக்கும் வானொலிக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். எல்லாமே அந்த ஒரு பதிலுக்காகக் காத்து நிற்கின்றன.

கைத்தொலைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டு "பதினாறு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கு" என்று சொல்பவர்களும் உண்டு. அந்தக் கணக்கை நம்பி அடுத்த நாள் பின்னேரம் கிரியை என்று அறிவித்துவிட்டுப் பிறகு மாற்றிய குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். பதினாறு என்ற எண் பிழையல்ல. ஆனால் அது ஒரு விமானம் இடையில் எங்கும் நிற்காமல் பறந்தால் ஆகக்கூடிய நேரம். அப்படி ஒரு விமானம் இல்லை. ஆகவே இந்தத் தூரத்தையும் நேரத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது எல்லோருக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் தூரம். கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோ பியர்சன் விமான நிலையம் நேர்வழியில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றர் என்பதால், உலகத்தில் எந்த இரண்டு இடங்களும் 20,000 கிலோமீற்றருக்கு மேல் விலகி இருக்க முடியாது. அதற்கு மேல் போனால் மறுபக்கத்தால் கிட்ட வரத் தொடங்கிவிடும். அந்த அதிகபட்சத் தூரத்தில் பத்தில் ஏழு பங்கு எங்களுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் கிடக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் சில இடங்கள்: லண்டன் 8,700 கிலோமீற்றர், பாரிஸ் 8,500, சூரிச் 8,000. சிட்னியும் லண்டனும் கொழும்பிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. எம்மவர்கள் பெருமளவில் குடியேறிய நகரங்களில் ரொறன்ரோவும் அதன் அயலும்தான் எல்லாவற்றிலும் தொலைவு. ஆகக்கூடிய சனம் போயிருப்பதும் அங்கேதான்.

இந்த 14,000 கிலோமீற்றர் எந்த வழியால் போகிறது? சுவரில் தொங்கும் உலகப் படத்தில் கொழும்பையும் ரொறன்ரோவையும் அடிமட்டம் வைத்து இணைத்தால் கோடு அரேபியா, சஹாரா பாலைவனம், அத்திலாந்திக் சமுத்திரம் என்று மேற்கு நோக்கிப் போகும். அந்தக் கோட்டின் வழியே உண்மையில் பறந்தால் 16,000 கிலோமீற்றருக்கு மேல் ஆகும். இரண்டாயிரம் கிலோமீற்றர் வீண் பயணம். உருண்டையான பூமியைத் தட்டையான கடதாசியில் விரிக்கும்போது வடக்குப் பகுதிகள் இழுபட்டுப் பெருத்துவிடுகின்றன. அதனால் படத்தில் நேராகத் தெரிவது பூமியில் நேராக இருப்பதில்லை.

வீட்டில் ஒரு பனங்காய் இருந்தால் செய்து பார்க்கலாம். காயின் நடுவுக்குச் சற்று மேலே ஒரு புள்ளியும், அதற்கு ஏறக்குறைய எதிர்ப்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் மேலே மற்றொரு புள்ளியும் வையுங்கள். ஒரு நூலின் இரு முனைகளையும் இரண்டு புள்ளிகளிலும் பிடித்து இறுக்கி இழுங்கள். நூல் காயின் இடுப்பைச் சுற்றி வராது. மூளைச் சுற்றியிருக்கும் மேற்பகுதிக்கு ஏறி மறுபக்கம் இறங்கும். இரு இடங்களுக்கும் இடையில் ஆகக் குறுகிய வழி அந்த நூல் கிடக்கும் வழிதான். பூமியிலும் அப்படியே. கட்டுநாயக்காவில் கட்டிய நூல் தமிழ்நாட்டின் மேலாக ஏறி, மகாராஷ்டிரம், ராஜஸ்தான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானின் கிழக்கு ஓரம், உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா என்று வடக்கே போய், நோர்வேயின் வட முனையைத் தாண்டி, கிறீன்லாந்தின் பனிக்கு மேலாகக் கியூபெக்குக்குள் இறங்கி ரொறன்ரோவை அடையும். வெயில் நாட்டிலிருந்து குளிர் நாட்டுக்குப் போகிறவர்கள், அந்தக் குளிர் நாட்டையும் தாண்டி இன்னும் குளிரான இடத்துக்கு மேலால் போய்த்தான் இறங்க வேண்டியிருக்கிறது.

விமானம் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில் பறக்கும். 14,000ஐ 900ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைக் கூட்டினால் பதினாறு மணித்தியாலத்துக்கு மேல் வரும். கைத்தொலைபேசி காட்டும் எண் இதுதான். இவ்வளவு தூரம் ஒரே மூச்சில் பறக்கும் விமானங்கள் உலகில் இருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றரை ஏறத்தாழ பதினெட்டரை மணித்தியாலத்தில் பறக்கிறார்கள். ஆனால் அதற்கென்று கூடுதல் எரிபொருள் கொள்ளும்படி அமைக்கப்பட்ட எயார்பஸ் ஏ350 விமானம் தேவைப்படுகிறது. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் வைத்திருக்கும் ஏ330 விமானங்களால் லண்டனுக்குப் பதினொரு மணித்தியாலம் பறக்க முடியும். ரொறன்ரோவுக்கு ஒரே மூச்சில் ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு பறக்க முடியாது. இவ்வளவு தூரப் பயணத்தில் எடையின் பெரும்பங்கு எரிபொருள்தான். பிந்திய மணித்தியாலங்களில் எரிப்பதற்கான எரிபொருளைச் சுமப்பதற்கே முந்திய மணித்தியாலங்களில் எரிபொருள் எரிகிறது. அதனால்தான் இவ்வகைச் சேவைகளைக் காசுள்ள வியாபாரப் பயணிகள் நிறைந்த நகரங்களுக்கிடையில்தான் நடத்துகிறார்கள். கோடை விடுமுறையிலும் நல்லூர்த் திருவிழாவிலும் மட்டும் நிரம்பி வழிந்து மற்ற மாதங்களில் காய்ந்து கிடக்கும் வழியில் யாரும் இலகுவில் கைவைக்க மாட்டார்கள்.

ஆனால் நேரடி விமானம் இல்லையே என்று பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை என்பது என் எண்ணம். காரணம், டுபாய் அந்த நூலிலிருந்து அதிகம் விலகி இல்லை. கொழும்பு – டுபாய் 3,300 கிலோமீற்றர், டுபாய் – ரொறன்ரோ 11,100 கிலோமீற்றர். இரண்டும் சேர்ந்தால் 14,400. நேர்வழியைவிட 400 கிலோமீற்றர்தான் கூட. பறக்கும் நேரத்தில் அரை மணித்தியாலமும் வராது. லண்டன் வழியாகப் போனாலும் கூட்டுத் தொகை ஏறக்குறைய இதேதான். டோஹா வழியாகச் சற்றே கூட. கிழக்கால், ஹொங்கொங் போன்ற நகரங்களைச் சுற்றிப் போனால்தான் 16,000ஐத் தாண்டும். ஆகவே இடையில் எந்த நகரம் என்பதைவிட, அங்கே எத்தனை மணித்தியாலம் காத்திருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மலிவான சீட்டுக்களில் பதினான்கு, பதினெட்டு மணித்தியாலக் காத்திருப்பு வரும். சுற்றுலாவுக்கு அது பரவாயில்லை. மரண அவசரத்துக்கு அது ஒரு முழு நாள்.

அடுத்தது, போகும் நேரமும் வரும் நேரமும் ஏன் ஒன்றாக இல்லை என்பது. டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு ஏறத்தாழ 14 மணித்தியாலம். அங்கிருந்து திரும்பி டுபாய்க்கு 13 அளவில். ஒரே வழி, ஒரே விமானம், ஒரு மணித்தியால வித்தியாசம். பூமி சுழல்வதால் என்று பலர் விளக்கம் சொல்வார்கள். பூமத்திய ரேகையில் நிலம் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுழல்வது உண்மைதான். ஆனால் அதற்கு மேலுள்ள காற்றும் சேர்ந்தே சுழல்கிறது. அந்தக் காற்றுக்குள்தான் விமானம் பறக்கிறது. ஓடும் யாழ்தேவிக்குள் ஒரு கொய்யாப்பழத்தை மேலே எறிந்தால் அது பின் இருக்கைக்காரரின் தலையில் விழுவதில்லை, உங்கள் கைக்கே திரும்பி வருகிறது. அதே கதைதான்.

உண்மையான காரணம் மேல்வானத்துக் காற்றாறு. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில், வட துருவத்துக்கும் வெப்ப வலயத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒடுங்கிய பட்டையாக ஒரு காற்று ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கு 150, 200 கிலோமீற்றர் சாதாரணம். மாரியில் அதற்கும் மேல். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே வரும் விமானத்தை அது தள்ளிவிடுகிறது. மேற்கே போகும் விமானத்தை மறிக்கிறது. விமானிகள் வரும்போது அந்தக் காற்றைத் தேடிக் கொஞ்சம் தெற்கால் வருவதும், போகும்போது அதைத் தவிர்த்து இன்னும் வடக்கால் போவதும் உண்டு. வாடைக் காற்றுக்கும் சோளகத்துக்கும் பாய் பிடித்த எங்கள் கடலோடிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்தக் காற்றை 1920களில் பலூன் பறக்கவிட்டு அளந்தவர் வசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய ஆய்வாளர். உலகம் முழுக்க வாசிக்கட்டும் என்று தன் முடிவுகளை எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார். அதனாலேயே அநேகமாக யாரும் வாசிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டிய பிறகுதான் மற்ற நாடுகள் அதைக் கவனித்தன.

காற்று ஒரு மணித்தியாலத்தைத்தான் கூட்டிக் குறைக்கும். யுத்தங்கள் அதைவிடக் கூடக் குழப்புகின்றன. நான் மேலே சொன்ன நூல் போகும் நாடுகளைத் திரும்பவும் பாருங்கள். ஆப்கானிஸ்தானின் வான்வெளியைப் பல நிறுவனங்கள் 2021 ஓகஸ்ட்டிலிருந்து தவிர்த்தன. உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து 2022 பெப்ரவரி இறுதியில் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானை மூட, ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. அதனால் கனடிய, ஐரோப்பிய விமானங்கள் ஆசியாவுக்குச் சுற்றி வருகின்றன. வளைகுடா நாட்டு நிறுவனங்களுக்கு ரஷ்யா அந்தத் தடையை விதிக்கவில்லை. ஆனால் வளைகுடாவுக்கு வேறு ஆபத்து. 2025 ஜூன் 13 இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது ஈரான், ஈராக், ஜோர்தான் வான்வெளிகள் மூடப்பட்டன. அதே மாதம் 23ஆம் திகதி இரவு கட்டாரில் உள்ள அமெரிக்கத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணை ஏவியபோது கட்டாரும் சில மணித்தியாலங்கள் வானை மூடியது. டோஹாவுக்கு வந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு நாடுகளுக்குத் திருப்பப்பட்டன.

வானமும் மூடப்படும், பாதையும் மூடப்படும் என்பது எங்களுக்குப் புதினமல்ல. 1998 செப்ரெம்பர் 29 பலாலியிலிருந்து இரத்மலானைக்கு 55 பேருடன் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலுக்கு மேல் விழுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பலாலி – கட்டுநாயக்கா நேர்த்தூரம் வெறும் 290 கிலோமீற்றர். தொண்ணூறுகளில் அந்தத் தூரத்தைக் கடக்க பாஸ் எடுத்து, கிளாலிக் கடலை இரவில் படகால் தாண்டி, தாண்டிக்குளத்தில் வெயிலில் நின்று, வவுனியாவில் தங்கிப் போன சனம் நாங்கள். சில நாட்களும் பிடித்தது, சில கிழமைகளும் பிடித்தது. அந்தக் காலத்தில் கனடாவில் இருந்த பிள்ளைக்குத் தகப்பன் செத்த சேதி கிடைக்கும்போது இங்கே எட்டுச் செலவே முடிந்திருக்கும். ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு அன்றும் ஒரு நாள்தான். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்தான் தொலைவு.

இப்போது நேரக் கணக்குக்கு வருவோம். குழப்பம் அதிகம் நடப்பது இங்கேதான். இலங்கை நேரம் கிறீன்விச் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ரொறன்ரோ மாரியில் ஐந்து மணித்தியாலம் பின்னால், கோடையில் நான்கு. அதாவது எங்களுக்கும் அவர்களுக்கும் மாரியில் பத்தரை மணித்தியாலமும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் வித்தியாசம். மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளுவார்கள்; நவம்பரின் முதல் ஞாயிறு திரும்ப இழுப்பார்கள். எங்கள் கடிகாரம் இப்போது அசைவதில்லை.

"இப்போது" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் நகர்த்தியது. அந்த வருடம் ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. அதுவரை வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரம், வவுனியாவில் புதிய நேரம். ஓமந்தையைத் தாண்டும்போது கைக்கடிகாரத்தைத் திருப்பியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இளம் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். நேர வலயம் என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது ஏ9 வீதியில்தான், புத்தகத்தில் அல்ல.

விமானச் சீட்டில் அச்சிடப்படும் நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். இதை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு தாய் கட்டுநாயக்காவில் அதிகாலை 3 மணிக்கு ஏறி அதே நாள் பின்னேரம் 4 மணிக்கு ரொறன்ரோவில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சீட்டைப் பார்த்தால் பதின்மூன்று மணித்தியாலப் பயணம். உண்மையில் கோடையில் அதோடு ஒன்பதரையைக் கூட்ட வேண்டும்: இருபத்திரண்டரை மணித்தியாலம். மேற்கே போகும்போது கூட்ட வேண்டும், கிழக்கே வரும்போது கழிக்க வேண்டும். நீரிழிவு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களை அனுப்பும்போது இது வெறும் கணக்கு விளையாட்டல்ல. "காலமை ஒருக்கா, இரவு ஒருக்கா" என்று எழுதிக் கொடுத்தால் அந்த நீண்ட பகலில் அம்மா எதைக் காலை என்று எடுப்பார், எதை இரவு என்று எடுப்பார்? புறப்பட முன் வைத்தியரிடம் மணித்தியாலக் கணக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

செத்தவீட்டுக் கணக்கை இனி முழுதாகப் போட்டுப் பார்ப்போம். இது ஒரு உதாரணம் மட்டும். நேரங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரு கோடைகாலச் சனிக்கிழமை விடிய 4 மணிக்கு யாழ்ப்பாணத்தில் தகப்பன் காலமாகிறார். உடனே மகனுக்கு அழைப்புப் போகிறது. ரொறன்ரோவில் அப்போது வெள்ளி பின்னேரம் ஆறரை. அன்றிரவு விமானத்துக்கு இடமில்லை. அடுத்த நாள் சனி பிற்பகல் 2 மணிக்கு ஏறுகிறார். இங்கே அது சனி இரவு பதினொன்றரை. வளைகுடா வரை 13 மணித்தியாலம், அங்கே 3 மணித்தியாலக் காத்திருப்பு, கொழும்பு வரை நாலரை. ஞாயிறு இரவு 8 மணிக்குக் கட்டுநாயக்கா. குடிவரவு, பெட்டி எடுத்தல், வெளியே வருதல் என்று ஒன்றரை மணித்தியாலம். வானில் புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக 350 கிலோமீற்றருக்கு மேல். எட்டு மணித்தியாலம் வைப்போம். திங்கள் விடிய ஐந்தரைக்கு வீட்டு வாசல்.

சேதி போனதிலிருந்து நாற்பத்தொன்பதரை மணித்தியாலம். இதில் ஆகாயத்தில் இருந்தது பதினேழரைதான். மிச்ச முப்பத்திரண்டு மணித்தியாலம் நிலத்தில் கழிந்தது: சீட்டுத் தேடி, காத்திருந்து, வரிசையில் நின்று, வானில் இருந்து. இது எல்லாம் சரியாக நடந்த கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே கனடாவிலிருந்து பிள்ளை வர வேண்டிய வீட்டில், சேதி போனதிலிருந்து மூன்றாம் நாளுக்கு முன்னர் தகனத்தை வைக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வது. பிள்ளை விமானத்தில் ஏறிவிட்டார் என்று உறுதியான பிறகு நேரத்தை அறிவியுங்கள். பிரேதத்தைப் பதப்படுத்துபவரிடமும் முதலிலேயே மூன்று நாள் என்று சொல்லிவிடுவது நல்லது. ஒரு நாளுக்கென்று செய்ததைப் பிறகு நீட்டுவது கஷ்டம்.

நிலத்தில் கழியும் அந்த முப்பத்திரண்டு மணித்தியாலத்தில் எதைக் குறைக்கலாம்? கடவுச்சீட்டு காலாவதியாகாமல் இருந்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ மிச்சம். வயதான பெற்றோர் இங்கே இருக்கும் எவரும் அதை வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். கனடியக் கடவுச்சீட்டில் வருபவர் இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். முழுப் பயணத்தையும் ஒரே சீட்டாக எடுங்கள். முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால், ஒரே சீட்டு என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. இணையத்தில் மலிவாகப் பார்த்து இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக எடுத்திருந்தால் பொறுப்பு உங்களுடையது. மரண அவசரம் என்று சொன்னால் கட்டணத்திலோ திகதி மாற்றத்திலோ இளகும் நிறுவனங்களும் உண்டு, கேட்பதில் நட்டமில்லை.

கட்டுநாயக்காவிலிருந்து வீடு வரையான எட்டு மணித்தியாலத்தை மட்டும் குறைக்கப் பார்க்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை ஏற்றிவந்த வான் விடியப்புறம் விபத்துக்குள்ளானது என்ற செய்தியை நீங்கள் எத்தனை தரம் வாசித்திருப்பீர்கள்? பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு எட்டு மணித்தியாலம் ஓட்டி, விமான நிலையத்தில் காத்திருந்து, அதே இரவில் திரும்ப எட்டு மணித்தியாலம் ஓட்டும் சாரதி எப்படி விழித்திருப்பார்? இரண்டு சாரதிகளை அனுப்புங்கள். அல்லது நீர்கொழும்புப் பக்கத்தில் வான் பிடியுங்கள். அந்தச் சாரதி அப்போதுதான் நித்திரையால் எழும்பியிருப்பார். 14,000 கிலோமீற்றர் பத்திரமாகப் பறந்து வந்த பிள்ளைக்கு ஆபத்தான பகுதி இந்தக் கடைசி 350தான். விமானத்தில் இரண்டு விமானிகள் இருப்பதற்குச் சட்டம் இருக்கிறது. வானுக்கு இல்லை.

இதற்கெல்லாம் மாற்று பலாலிதான் என்று பலர் சொல்வார்கள். நானும் ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். பலாலி சர்வதேச விமான நிலையமாக 2019 ஒக்ரோபர் 17 திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசெம்பர் 12 மீண்டும் ஆரம்பித்தது. 2024 செப்ரெம்பர் 1 இலிருந்து இண்டிகோவும் பறக்கத் தொடங்கியது. சென்னை – பலாலி 356 கிலோமீற்றர். ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். ரொறன்ரோவிலிருந்து சென்னைக்கு வந்து அங்கிருந்து பலாலிக்கு வந்தால் எட்டு மணித்தியால வான் பயணம் முழுதாக இல்லாமல் போகும். ஆனால் இரண்டு தனிச் சீட்டென்றால் சென்னையில் பெட்டிகளை வெளியே எடுத்துத் திரும்பப் பதிய வேண்டும்; அதற்கு இந்தியாவுக்குள் நுழையும் விசா வேண்டும். வருவது ஏ.ரி.ஆர். 72 என்ற சிறிய விமானம் என்பதால் பெட்டிக்கு அனுமதிக்கும் எடையும் குறைவு. அவசரத்துக்கு வரும் ஒருவரிடம் ஏற்கனவே இந்திய விசா இருந்தால் இந்த வழி நல்லது. இல்லாவிட்டால் விசாவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கொழும்பு வழியால் வந்து சேர்ந்துவிடலாம். ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் விடுங்கள் என்று கேட்பதைவிட, பலாலியின் ஓடுபாதையை நீட்டி வளைகுடாவுக்கு ஒரு சேவையைக் கேட்பதுதான் எங்களுக்குக் கூட நேரத்தை மிச்சப்படுத்தும். நேரடி விமானம் மிச்சம் பிடிப்பது மூன்று நாலு மணித்தியாலம். பலாலி மிச்சம் பிடிப்பது எட்டு.

இவ்வளவும் வரக்கூடியவர்களின் கணக்கு. வர முடியாதவர்களும் இருக்கிறார்கள். கனடா அகதிகளுக்குக் கொடுக்கும் பயண ஆவணம், அவர்கள் விட்டு ஓடிவந்த நாட்டைத் தவிர்த்த மற்ற நாடுகளுக்குத்தான் செல்லும். அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும் கவனமாக இருக்க வேண்டும். 2012 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, குடியுரிமை கிடைக்க முன்னர் இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்தாலோ புதுப்பித்தாலோ, இலங்கைக்கு வந்து போனாலோ, அகதி அந்தஸ்தும் அதோடு வதிவிட உரிமையும் பறிபோகும் நிலை வரலாம். தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வந்ததுதானே என்று சொல்லித் தப்பிவிடலாம் என நினைத்துச் சீட்டு எடுக்காதீர்கள். முதலில் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். இங்கே உள்ளவர்களும் "நீ வராமல் கொள்ளி வைக்க மாட்டம்" என்று தொலைபேசியில் அழுத்தம் கொடுக்க முன்னர், அவரிடம் இருப்பது எந்த ஆவணம் என்று கேளுங்கள். வெட்கத்தில் பலர் தாங்களாகச் சொல்வதில்லை.

அப்படியான குடும்பங்கள் இப்போது பெரும்பாலும் செய்வது ஒன்றுண்டு. பெற்றோருக்கு உடம்பு நடமாட்டம் இருக்கும்போதே சென்னையில் சந்தித்துக்கொள்கிறார்கள். பிள்ளைக்கு ரொறன்ரோவிலிருந்து சென்னை ஏறத்தாழ 13,400 கிலோமீற்றர், விசா எடுக்க முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பயண ஆவணத்தில் போவோருக்கு அது சாதாரண கடவுச்சீட்டுக்காரரைவிட நாட்கள் கூடப் பிடிக்கலாம் என்று வைத்துத் திட்டமிடுங்கள். அம்மாவுக்குப் பலாலியிலிருந்து ஒரு மணித்தியாலச் சொச்சம். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் சீட்டுப் பதியும்போதே சொல்லிவிடுங்கள். பலாலியில் ஏறும்போதும் சென்னையில் இறங்கும்போதும் ஆட்கள் வந்து கூட்டிப்போவார்கள். தை, மாசி மாதங்களில் சென்னை வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும்.